மடோகாவின் எடை

"உன் எடை எவ்வளவு?" என்று மடோகாவிடம் ரியூஹெய் ஒருமுறை கேட்டான். தரையை உரசும்படி தாழ்த்திய காரில், அவள் ஏறினால்தான் பின் ஆக்ஸிலில் சத்தம் வருகிறதாம். தங்கள் கல்யாணத்துக்குள் இளைக்கச் சொன்னான். அவளும் பாதிச் சோறுதான் தின்றாள், சத்தம் குறையவில்லை.

மெக்கானிக் குகிமியா, "தனியா ஓட்டுறப்ப பாட்ட அலறவிடுவியே, அத நிறுத்திட்டு நீ மட்டும் ஓட்டு தம்பி" என்றார்.

கடகடத்தது.

"இறங்கு. அவங்க ஓட்டட்டும்."

மடோகா ஒரு சுற்று ஓட்டினாள். சத்தமே இல்லை.

"டயர் பாடியில இடிக்குதுப்பா. உன் தொப்பையக் குறை!"

"போதும், சிரிக்காதீங்க. மடோகா, சாவியக் குடு!"

அந்த நாட்டில் கார் நிறுத்த இடம் காட்டாதவனுக்குக் காரைப் பதிந்து தரமாட்டார்கள். இடம் அவள் வீட்டில்தான் இருந்தது. காரும் அவள் பெயரில்தான்.

மடோகா அவனை அங்கேயே விட்டுவிட்டு, பட்டறை வாசலைத் தாண்டி ஓட்டிப் போனாள்.