எப்போதும் பதிமூன்று

நான்கு பேரும் அட்டையைத் திருப்பினோம். நான் பதிமூன்று. ராம்கி ஒன்று. மற்ற இருவரான காசிமும் மகரந்தும் ஐந்து.

எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை இப்படித்தான் கணிப்போம். ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்றிவிடாமல் இருக்க, அட்டையைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். அதிக நாள் போட்டவரும் குறைந்த நாள் போட்டவரும் எழுந்து நின்று ஒருவருக்கொருவர் காரணம் சொல்ல வேண்டும். பிறகு மறுபடியும் அட்டை. எல்லோரும் ஒத்துப்போகிற நாள்தான் பட்ஜெட்டில் ஏறும்.

இந்த விதியை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ, நன்றாக இருக்கட்டும்.

ராம்கி மதுரைக்காரன். போன மழைக்காலத்தில் எங்கள் டீமுக்கு வந்தான். காலையில் ஒரு குட் மார்னிங், பிறகு காதில் ஹெட்போன். டீ எடுக்கும் இடத்தில் எதிரே நின்றாலும் கப்பைத்தான் பார்ப்பான்.

நான் வாய் மூடாதவள்தான். ஆனால் இந்த மராத்தி ஊரில், கோர்படியில் பிறந்து வளர்ந்தவள். என் தமிழில் பாதி இந்தி, கால்வாசி மராத்தி. அதைக் கேட்டு அவன் சிரித்துவிட்டால்? அந்தப் பயத்திலேயே மாதங்கள் போய்விட்டன.

ஊருக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலைக்கு மென்பொருள் செய்யும் இந்தத் திட்டம் வந்தது. முதல் நாள் தெரியாத்தனமாக ஒரு பதிமூன்றைப் போட்டுவிட்டேன். அவன் மூன்று. விதிப்படி இருவரும் எழுந்தோம். அவன் என் முகத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் முழுசாகப் பேசினான். ஆங்கிலத்தில்தான், அன்றைய வேலையான கேன்டீன் டோக்கனைப் பற்றித்தான். அன்று மதியம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அதிலிருந்து எனக்கு எல்லாமே பதிமூன்றுதான். அவனும் மறுநாளிலிருந்து ஒன்றைத் தவிர வேறு அட்டையைத் தொடவில்லை. மதுரைக்காரனுக்குத் தலைக்கனம் என்றான் காசிம். எனக்கு வசதியாகப் போயிற்று.

பட்ஜெட் கெட்டுவிடுமே என்று யாரும் பதற வேண்டாம். இரண்டாவது முறை நான் நியாயமான எண்ணுக்கு இறங்கிவிடுவேன். அவனும் மறுபேச்சில்லாமல் ஏறி வந்துவிடுவான். நான் பேசியதன் மகிமை என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் வாக்குவாதத்தில் யாருக்கும் தோன்றாத சிக்கல்கள் எல்லாம் வெளியே வருவதாக மேனேஜர் சுஷ்மா மேடத்துக்கு ஏகப்பட்ட பெருமை.

அதெல்லாம் இன்றோடு சரி. மாலையில் பட்ஜெட் தொழிற்சாலைக்குப் போய்விடும். நாளையிலிருந்து ராம்கிக்குத் தொழிற்சாலையிலேயே வேலை. திட்டம் முடியும்வரை இந்தப் பக்கம் வரமாட்டான்.

மேடம் கடைசி வேலையைச் சொன்னார். மென்பொருளின் முகப்பில் இருக்கும் பழைய லோகோவை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும்.

அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஒன்றுக்குக் கீழே அட்டை இல்லாததால் ஒன்று.

பதிமூன்றைத் தொட்டேன். எழுந்து நின்று என்ன காரணம் சொல்வேன்? காசிம் நாள் முழுக்கச் சிரிப்பான். மேடம் என் வேலையைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். கடைசி இரண்டு நிமிடத்தை நானே கோட்டை விட்டேன். அழுகை வந்தது.

ஏக், தோன், தீன் என்று மேடம் எண்ணினார்.

காசிம் ஒன்று. மகரந்த் ஒன்று. நான் ஒன்று.

ராம்கி பதிமூன்று.

லோகோவுக்கா என்று காசிம் மேஜையைத் தட்டிச் சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை. விதி விதிதான். ஒன்று போட்டவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், யாரிடம் காரணம் சொல்லப் போகிறாய் என்று கேட்டார்.

அவன் எழுந்து என் பக்கம் கையைக் காட்டினான். நானும் எழுந்தேன். கால் தரையில் பாவவில்லை.

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். அவன் முதல்முறையாகத் தமிழில் பேசினான்.

"லோகோவுக்கு நீங்க பதிமூணு போட மாட்டீங்கன்னு தெரியும் வைஷு. அதான் நான் போட்டேன்."

அப்படியென்றால் இத்தனை நாளும் அவன் போட்ட அந்த ஒன்றுகள்?

காது வரைக்கும் எனக்குச் சூடேறியது. என்ன காரணம் சொல்கிறான் என்று மேடம் பொறுமையில்லாமல் என்னைக் கேட்டார்.

நியாயமான காரணம்தான் என்றேன்.