பின் சீட்டுக்காரர்

"ஏங்க சார், துடுப்பை மடியில போட்டுத் தாலாட்டவா கொண்டு வந்தீங்க?"

நான் கத்தியது நதியின் இரண்டு கரைக்கும் கேட்டிருக்கும். எங்களுக்குப் பின்னால் வந்த கயாக் படகின் பின் சீட்டில், துடுப்பை மடியில் கிடத்திக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். முன் சீட்டில் அவர் மனைவி வேர்த்து விறுவிறுத்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தியதும் அவளும் திரும்பி அவரைப் பார்த்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா இல்லை, காரணம் இருக்கிறது.

இது புதியவர்களுக்கான பயணம். ஊருக்கு நடுவே ஓடும் நதியில் மூன்று பாலங்கள் தாண்டினால் முடிந்தது. காலையில் படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட் பட்டையை இழுத்துக் கட்டச் சொல்லி அந்தப் பெண் என்னிடம்தான் வந்தாள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தையல் தழும்பு.

"விழுந்து ஒடிஞ்சதுக்கா. உள்ள பிளேட் இருக்கு. பேக்கரி வச்சிருக்கேன், எட்டு மாசமா பூட்டிக் கிடக்கு. டாக்டர் எல்லாம் சரியாயிடுச்சுங்கறார். எனக்குத்தான் மாவுல கை வைக்கவே பயமா இருக்கு. இன்னிக்கு மூணாவது பாலம் வரைக்கும் இந்தக் கை தாங்கிட்டா, திங்கட்கிழமை கடையைத் திறந்துடுவேன். இல்லேன்னா கடையைக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

அப்பேர்ப்பட்ட கையால் அவள் படகை இழுக்க, பின்னால் மாப்பிள்ளை மாதிரி ஒருத்தர் சவாரி வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"அக்கா, முன்னாடி பார்த்துத் துடுப்புப் போடு. அவங்க வீட்டு விஷயம் நமக்கெதுக்கு?" என்றாள், எங்கள் கயாக்கின் பின் சீட்டில் இருந்த என் தங்கை.

"நீ சும்மா இரு."

நாள் முழுக்கப் போனில் அடுத்தவர் புகாரைக் கேட்டு மன்னிப்புச் சொல்வது என் உத்தியோகம். லீவு நாளிலாவது நான் ஒரு புகார் சொல்லக்கூடாதா?

இரண்டாவது பாலம் தாண்டியதும் எதிர்க்காற்று ஆரம்பித்தது. என் துடுப்பை மடியில் வைத்துவிட்டு நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"சார், காத்து இந்த அடி அடிக்குது. இப்பவாவது கை கொடுக்கக்கூடாதா?"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் துடுப்பு மடியில்தான். ஒரு சிரிப்பு வேறு.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி மனசு கேட்கவில்லை.

"மனுஷனாய்யா நீங்க?"

மறுபடியும் அவள் திரும்பினாள். பாவம், அவளுக்கே தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கல்லுளிமங்கன் அசையவில்லை.

மூன்றாவது பாலத்தடியில் கரையேறும்போது அவரிடம் கேட்க வேண்டியதை வரிசையாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அதற்குள் அந்தப் பெண் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. துடுப்பைத் தொடவே கூடாதுன்னு இவர்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். ஆனா இவரை நம்ப முடியாது. நீங்கதான் திரும்பித் திரும்பிப் பார்த்தீங்களே, தொட்டாரா?"

சத்தியமே வாங்கியிருக்கட்டுமே, அந்தக் காற்றில் ஒரு மனுஷனுக்கு மனசு இளக வேண்டாமா? என் கோபம் இறங்கவில்லை.

"தொடவே இல்லம்மா. மூணு தடவை பார்த்தேன், மூணு தடவையும் மடியிலதான் கிடந்தது. இப்படி ஒரு கல்நெஞ்சை நான் பார்த்ததே இல்ல."

அவள் முகம் பூரித்துப் போயிற்று. "அப்ப மொத்தமும் என் கைதான்" என்றவள், போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமையே மாவு மூட்டையை இறக்கிடுங்க" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

எங்களைக் கூட்டி வந்த பயிற்சியாளர் முதலுதவிப் பெட்டியுடன் வந்தார். "கை கொப்பளிச்சவங்க வாங்க, மருந்து போட்டுக்கலாம்."

முதல் ஆளாகப் போனவர் அந்தப் பின் சீட்டுக்காரர். மனைவி முதுகைக் காட்டி நிற்கிறாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு கைகளை விரித்தார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். ஒன்று உடைந்து தோல் உரிந்திருந்தது.

நான் அந்தக் கைகளையே பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"அவ கை தளர்ந்தப்பவும் காத்து அடிச்சப்பவும் மட்டும்தாங்க" என்றார் மெதுவாக. "சத்தம் தெரியாம, அவ போடுற தாளத்துலயே போட்டேன். நீங்க திரும்பிக் கத்தினா அவளும் திரும்புவா. அதனால நீங்க தலையைத் திருப்பினதுமே மடியில வச்சுடுவேன். பாதிக்கு மேல அவதான் இழுத்தா. ஆனா நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க திட்டினதாலதான் நம்பினா. ரொம்ப நன்றிங்க."

தலையாட்டி வைத்தேன்.

அடுத்து என் தங்கை கைகளை நீட்டினாள். விரலுக்கு ஒன்றாகக் கொப்புளம்.

"மேடம், உங்க கையையும் காட்டுங்க" என்றார் பயிற்சியாளர்.

காட்டினேன். காலையில் வீட்டிலிருந்து எப்படிக் கொண்டு வந்தேனோ அப்படியே இருந்தது, ஒரு சிவப்புக்கூட இல்லாமல்.