கடைசி வரியின் குற்றம்

பிழை இருக்கும் இடத்தையே கணினி காட்டும் என்பது மகா ஆபத்தான மூடநம்பிக்கை. அது காட்டுவது, தான் தேடிச் சலித்து நின்ற இடத்தை.

லினக்ஸ் கணினியில் கட்டளை தட்டும் திரையான டெர்மினலைத் திறந்ததும், கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல் என்ற நிரல் முதலில் படிக்கும் கோப்பு ஒன்றில் நாற்பது வரிகள். ஏழாம் வரி 'இப்படி இருந்தால்' என்று ஒரு நிபந்தனையைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருந்தது. மூடும் சொல்லைக் கோப்பின் இறுதிவரை தேடிய ஷெல், "கடைசியில் பிழை!" என்று கத்தியது.

"அண்ணே, ஏழாம் வரிதானே மூடலை? நீங்களாவது சொல்லுங்க, என்னை அழிச்சிடுவாங்க" என்று கெஞ்சியது நாற்பதாம் வரி.

முப்பத்தொன்பதாம் வரிக்கும் அது தெரியும். "அவர் வரிசையில பெரியவர், தம்பி. நமக்கெதுக்கு வம்பு?" என்றது.

கணினிக்குச் சொந்தக்காரி சுடரொளி நாற்பதாம் வரியை அழித்துவிட்டு டெர்மினலை மீண்டும் திறந்தாள்.

"கடைசியில் பிழை!" என்றது ஷெல்.

முப்பத்தொன்பதாம் வரி திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை.