ஆமையின் தூக்கத்தைக் கெடுத்தவன்

காலை ஏழு மணிக்கெல்லாம் மிருகக்காட்சிசாலையின் ராட்சத ஆமை விழித்திருந்தது. அதில்தான் அதைப் பராமரிக்கும் அவனுக்குச் சந்தேகம் தட்டியது.

ஜன்னல் வெயில் ஓட்டின் மேல் ஏறி, மணி ஒன்பது ஆகாமல் கண் திறக்காத ஜென்மம் அது. கழுத்தை நீட்டி, நாலு காலையும் பரப்பி அது தூங்குகிற அழகைப் பார்த்து, செத்தே போய்விட்டது என்று அவனிடம் ஓடிவராத பார்வையாளர் குறைவு.

அப்படிப்பட்டது, எட்டு நாளாக அவன் கொட்டகைக்கு வரும்போதே உலாத்திக்கொண்டிருக்கிறது.

அப்படியென்றால் ராத்திரி முழுக்க ஹீட்டர் எரிகிறது. மாலையில் அதை அணைத்துவிட வேண்டும், குளிர்ந்தால்தான் ஆமை ஒழுங்காகத் தூங்கும் என்பது மிருக டாக்டரின் கண்டிப்பான உத்தரவு.

மாலையில் பூட்டிவிட்டுப் போவது தம்பி. மேலாளரின் காலில் விழாத குறையாக இவன் வாங்கிக் கொடுத்த வேலை.

கேட்டால், "அணைச்சிட்டுத்தாண்ணே போறேன்" என்கிறான், தரையைப் பார்த்துக்கொண்டு.

பயல் உள்ளேயே குடித்துவிட்டுக் கிடக்கிறானா? சீட்டாட ஆள் சேர்க்கிறானா? விஷயம் மேலாளர் காதுக்குப் போனால் இரண்டு பேர் வேலைக்கும் உலைதான். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஐந்தரைக்கே வந்துவிட்டான். கையும் களவுமாகப் பிடித்து நாலு அறை விட வேண்டும்.

கதவு பூட்டப்படவே இல்லை. சும்மா சாத்தியிருந்தது.

உள்ளே ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்தது. ஆமை நிதானமாக வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. அதன் ஓட்டில் முதுகைச் சாய்த்து, வாய் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார் அப்பா. பக்கத்தில் அவருடைய துணிப்பை.

மாதம் ஒரு மகன் வீடு என்பது அப்பாவுக்கான ஏற்பாடு. ஒரு நாள் கூடினாலும் அந்த வீட்டில் ரகளைதான். போன மாதம் தம்பி வீட்டு முறை.

அரவம் கேட்டு எழுந்தவர், பதறிப்போய் முதலில் ஹீட்டரை அணைத்தார்.

"சின்னவன ஒண்ணும் சொல்லாதப்பா. ஒண்ணாந்தேதி உன் வீட்டுக்குத்தான் வந்தேன். தட்டித் தட்டிப் பாத்தேன், ஒரே இருட்டு. வெளியூர் போயிருக்கீங்க போலன்னு திரும்பிட்டேன்."



அன்று, வாசலில் அப்பாவின் இருமலைக் கேட்டதும் எழுந்துபோய் விளக்கை அணைத்தது அவன்தான்.