நாலு டியூன், ஒரு டைரக்டர்

"சும்மா வாயால சொன்னா எனக்கு டியூன் வராது, டைரக்டர் சார். நடிச்சுக் காட்டுங்க."

ஆர்மோனியத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த இசையமைப்பாளர் ஜீவரத்தினம் இப்படிச் சொன்னதும், சௌகத் அலி எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். காட்சி இதுதான்: வெளியூரிலிருந்து வரும் மகனை அழைத்துப்போக, தாம்பரம் ஸ்டேஷனில் ஓர் அப்பா காத்திருக்கிறார். ரயில் வருகிறது. எல்லோரும் இறங்கிப் போகிறார்கள். மகன் மட்டும் வரவில்லை.

செம்பாக்கம் வீட்டின் அந்தச் சின்ன ஹாலையே பிளாட்பாரமாக்கினார் சௌகத். எட்டிப் பார்த்தார், ஓடினார், கடைசியில் டீப்பாய் ஓரமாகத் தளர்ந்து உட்கார்ந்தார். அவர் எழுவதற்குள் ஆர்மோனியம் அழ ஆரம்பித்திருந்தது.

அருமையான டியூன். சங்கடமே அதுதான். ஏனென்றால் படம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

சௌகத் அலி டைரக்டரும் இல்லை. சபா நாடகங்களில் இன்ஸ்பெக்டராகவும் வில்லனாகவும் வந்து போன பம்மல்காரர். டி.வி. சீரியல்கள் வந்து நாடகத்தை வாரிச் சுருட்டிக்கொண்டு போன பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஜீவரத்தினத்தின் கதை இன்னும் பாவம். பல்லாவரத்தில் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவரை ஒரு நாடகக் கம்பெனி கொத்திக்கொண்டு போனது. மேடையோரம் உட்கார்ந்து வாசித்தே பேர் வாங்கினார். அந்தப் பேரைக் கேட்டு சினிமாவும் தேடி வந்தது. மொத்தம் ஐந்து படம். இரண்டு ரிலீஸ் ஆயின. மூன்று, பாட்டெல்லாம் பதிவான பிறகு பெட்டிக்குள்ளேயே முடங்கிவிட்டன. உடனே ராசியில்லாதவர் என்று முத்திரை குத்திவிட்டார்கள். சினிமாக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் படு சுறுசுறுப்பு.

இரண்டு மாதம் முன்பு ஜீவரத்தினத்தின் மனைவி தபீதாள், சௌகத்தின் வீட்டுக்கு வந்தார். சௌகத்தின் மனைவி ஜஹானாராவோடு ஒரே ஸ்கூலில் டீச்சராக இருந்தவர். ஜஹானாரா இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. தன் கணவர் ஆர்மோனியத்தைத் தொடுவதே இல்லை, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், யாராவது டைரக்டர் என்று வந்து சிச்சுவேஷன் சொன்னால் மனுஷன் பிழைத்துக்கொள்வார் என்று கண் கலங்கினார். சௌகத் முதலில் முடியவே முடியாது என்றார். டீச்சர் விடுவதாக இல்லை. அந்தம்மாவின் கண்ணீருக்காகத்தான் தாடியை மழித்து, பீரோவிலிருந்த நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, 'டைரக்டர் ரவிராஜ்' ஆனார். இருவரும் ஒரே நாடகத்தில் வேலை பார்த்ததில்லை. அதனால் மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை.

அதிலிருந்து வாராவாரம் ஒரு சிச்சுவேஷன். வரும் வழியில் ஷேர் ஆட்டோவிலேயே வசனத்தை முணுமுணுத்து, பக்கத்து சீட்டுக்காரர் முறைக்கும் அளவுக்குப் போயிருந்தது.

"நாலு டியூன் ரெடி சார். ரெக்கார்டிங் எப்போ வெச்சுக்கலாம்?" என்றார் ஜீவரத்தினம்.

சௌகத், தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் நுழைந்தார்.

"டீச்சர், இதுக்கு மேல என்னால முடியாது," என்றார் தபீதாளிடம், தணிந்த குரலில். "மனுஷன் உயிரைக் குடுத்து மெட்டுப் போடறாரு. எல்லாம் பொய்னு தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவாரு."

இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமே என்று தபீதாள் கெஞ்சினார். சௌகத் கேட்கவில்லை. தள்ளத் தள்ள அடி பலமாகத்தான் விழும். புரொட்யூசர் ஓடிவிட்டார், படம் நின்றுவிட்டது என்று இன்றே முடித்துவிட வேண்டும். உண்மையைச் சொல்வதைவிட அது மேல். அந்த வலியையாவது அவர் ஏற்கெனவே மூன்று முறை அனுபவித்திருக்கிறார்.

ஹாலுக்குத் திரும்பி வந்து நின்றார். தபீதாளும் பின்னாலேயே வந்தார்.

"சார்... புரொட்யூசர் பின்வாங்கிட்டாரு. படம் நின்னுபோச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

எத்தனையோ மேடையில் அழுது நடித்தவர்தான். இன்று நடிக்காமலே கண் நிறைந்துவிட்டது. எப்படிப்பட்ட மனுஷனை இப்படி ஏமாற்றிவிட்டோமே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது.

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஜீவரத்தினம் நிதானமாக ஆர்மோனியத்தை மூடினார்.

"படம் நிக்கறது எனக்கென்ன புதுசா? விடுங்க. அடுத்து என்ன வேஷம் போடலாம், சொல்லுங்க சௌகத் பாய்."

சௌகத் அலி திடுக்கிட்டுத் திரும்பித் தபீதாளைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஜஹானாரா டீச்சர் போனதுலேர்ந்து நீங்க கதவைச் சாத்திக்கிட்டு, சரியா சாப்பிடாம, யார்கிட்டயும் பேசாம கெடக்கறீங்கன்னு இவ வந்து என்கிட்ட அழுதா," என்றார் ஜீவரத்தினம். "உங்களுக்காகன்னு கூப்பிட்டா வந்திருப்பீங்களா? அதான், எனக்குத்தான் ஒரு டைரக்டர் வேணும்னு போய்க் கேக்கச் சொன்னேன்."