சாந்துக்குள் ஒளிந்த சாமி

“ஆமூன் சாமியை இத்தனை வருஷமும் ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தினது நான்தான்” என்றான் கல்தச்சன் ஹூயி.

தீப்ஸ் நகரக் கோயில் முற்றமே சிரித்தது. தூணில் செதுக்கியிருந்த வாத்துகளும் சேர்ந்து சிரித்ததாக ஊரில் இன்னும் பேச்சு.

செத்துப்போன பார்வோன் சூரியத்தட்டு ஒன்றே தெய்வம் என்று சொல்லி, ஆமூன் பெயரைச் சுவர் சுவராக வெட்டியெறிய வைத்தவர். புதுப் பார்வோன் ஆமூனைத் திரும்ப அழைத்துக்கொண்டார். இப்போது, பெயரை வெட்டிய கைகளைத் தேடுகிறார்கள். அகப்பட்டவனின் மூக்கை அறுத்துப் பாலைவனக் கோட்டைக்கு விரட்டுவது தண்டனை. கோயிலின் தெற்குச் சுவர் ஹூயியின் பொறுப்பில் இருந்தது.

“உலகத்தையே படைச்ச சாமி உன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சாராக்கும்? உன் பீர் நாத்தத்துக்கு மறுநாளே வெளிய ஓடி வந்திருப்பாரேடா” என்றார் தூணுக்கு முன்னால் உட்கார்ந்து விசாரித்த தலைமைப் பூசாரி நெப்வா.

ஹூயி பதறவில்லை. உளியே வைக்கவில்லை, பெயர்மேல் சாந்தை அப்பி வண்ணம் பூசிவிட்டேன், பார்வோனின் ஆட்கள் எதையும் கிட்டே போய்ப் பார்க்கும் ரகமில்லை என்றான். ஒரு குடம் தண்ணீர் கேட்டான்.

ஊற்றித் தேய்த்ததும் சாந்து ஊறி உதிர்ந்தது. இரட்டை இறகுக் கிரீடம், முகம், பெயர் என்று ஆமூன் ஒரு கீறல் இல்லாமல் எழுந்து வந்தார். கூட்டம் மண்ணில் விழுந்தது. வாசலில் நின்ற கழுதையும் எதற்கும் இருக்கட்டும் என்று மண்டியிட்டது.

நெப்வா மட்டும் அசையவில்லை. “நேத்து நீயே புதுசா செதுக்கி வெச்சது இது. சூரியத்தட்டுப் பூசாரிங்க முன்னாடி நெளிஞ்ச பயதானே நீ? அவங்க நிழல்கூடப் படாம, அத்தனை வருஷமும் பட்டினி கிடந்து ஆமூனைக் கும்பிட்டவன் நான். எங்கிட்டயே கதை விடறியா?” காவலனிடம் கண்ணைக் காட்டினார். அவன் கத்தியை உருவினான்.

“இன்னொரு குடம் கொடுக்கச் சொல்லுங்க சாமி. உங்க பின்னால இருக்கிற தூண்லயும் ஊத்திக் காட்டிடறேன்.”

“அதுல என்ன இருக்கு?”

“புதுப் பார்வோன் வந்ததும், தட்டைக் கும்பிட்ட பூசாரிங்க உருவத்தையெல்லாம் வெட்டியெறியச் சொன்னாங்க. இங்க யார் எப்போ திரும்பி வருவாங்கன்னு யார் கண்டா? அங்கயும் வெறும் சாந்துதான் பூசினேன். முன்வரிசையில கும்பிட்டு நிக்கிறவரை நேர்ல பார்த்துச் செதுக்கினதும் நான்தான். மூக்கு அப்படியே வந்திருக்கும்.”

சொல்லிவிட்டு, நெப்வாவின் முகத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்தான். குடமும் வந்துவிட்டது.

நெப்வா எழுந்தார். தூணை முதுகால் மறைத்துக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“தண்ணியை வீணாக்காதப்பா” என்றார். “ஆமூனை நீ காப்பாத்தினது நிஜம். நான் நம்பறேன்.”