தூக்க வராத ஷட்டர்

ஜெயவேல் மாரடைப்பில் போன பிறகு, காசிமேட்டிலிருந்து அவன் மீன் ஏற்றிய மினி வேனை விற்றுவிட மனைவி மலர்க்கொடி முடிவெடுத்தாள். வாங்குகிறவர் வந்த காலையில், வேன் நின்ற ஷெட்டின் ஷட்டர் மேலே வரவில்லை. மெக்கானிக் காதர் வந்து பூட்டையும் ஸ்பிரிங்கையும் பார்த்தார், எண்ணெய் விட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் கீதுக்கா. உள்ளேர்ந்து யாரோ புடிச்சிகினு கீற மாதிரி கீது."

மலர்க்கொடி தரையில் உட்கார்ந்து, ஷட்டரில் நெற்றியை வைத்து, உள்ளே இருக்கும் புருஷனிடம் பேசுவதுபோல் அழுதாள்.

"விக்கல மாமா. நானே ஓட்டக் கத்துக்கிறேன். வுடு."

காதர் ஒரு கையால் தூக்க, ஷட்டர் ஏறியது. உள்ளே யாருமில்லை.

அவள் வேனில் ஏறி உட்கார்ந்தாள். நெட்டையான ஜெயவேல் எப்போதும் பின்னுக்குத் தள்ளியே வைத்திருந்த டிரைவர் சீட், அவளுடைய கால் பிரேக்கை எட்டுகிற அளவுக்கு முன்னால் இழுத்து விடப்பட்டிருந்தது.